காகிதத்தில் இல்லாததை வாசித்தவர்கள்: பெனட்டன் அச்சு விளம்பரங்கள், ஒரு நிகழ்வு ஆய்வு

அச்சு விளம்பரங்களை ஆராயும் கட்டுரைகளில் பெனட்டன் பெயர் வந்தாலே 'ஷாக் விளம்பரம்' என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுகிறார்கள். விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவர்களின் ஒப்படைப்புகளிலும் இதே கதைதான். அதிர்ச்சி என்பது பார்த்தவருக்கு நேர்ந்தது. அது நேரும்படி அந்தப் பக்கத்தில் என்ன செய்தார்கள், ஒரே படம் ஓர் ஊரில் பரிசு வாங்கவும் இன்னோர் ஊரில் எதிர்ப்பு வாங்கவும் என்ன காரணம் என்ற கேள்விகளுக்கு அந்தச் சொல்லில் விடை கிடைக்காது. 1989 முதல் 2000 வரை வந்த விளம்பரங்களில் ஐந்தை இங்கே எடுத்துக்கொள்கிறோம். ஐந்திலும் உத்தி ஒன்றே: படத்திலிருந்து எதையாவது எடுத்துவிடுவது. ஒன்றில் முகம் இல்லை, ஒன்றில் தாய் இல்லை, ஒன்றில் படத்தோடு வந்த விளக்கவுரை இல்லை, ஒன்றில் பேசுபவர் யார் என்பதே இல்லை, ஒன்றில் கொல்லப்பட்டவர்கள் இல்லை. பார்வையாளர்கள் மோதிக்கொண்டது பெரும்பாலும் அந்தக் காலி இடத்தில்தான்.

பின்னணி சுருக்கமாக. பெனட்டன் 1965இல் இத்தாலியின் ட்ரெவிஸோ பகுதியில் தொடங்கிய பின்னலாடை நிறுவனம். புகைப்படக்காரர் ஒலிவியேரோ தோஸ்கானி 1982 முதல் 2000 வரை அதன் விளம்பரங்களைச் செய்தார். ஆரம்பத்தில் பல நிறத்து இளைஞர்கள் வண்ண வண்ண ஸ்வெட்டர்களில் சிரிக்கும் படங்கள். 80களின் கடைசியில் துணி மெல்லப் பின்வாங்கியது. 90களின் தொடக்கத்தில் அறவே மறைந்தது. விலை இல்லை, தலைப்பு வரி இல்லை, பொருள் இல்லை. ஓரத்தில் ஒரு பச்சைச் செவ்வகம், அதற்குள் வெள்ளை எழுத்தில் 'யுனைட்டெட் கலர்ஸ் ஆஃப் பெனட்டன்'. அவ்வளவுதான்.

இந்தப் பச்சைப் பட்டையை விட்டுவிட்டு எந்த ஆய்வும் நகர முடியாது. ஒரு படம் தன்னந்தனியாகப் பல பொருள் தரும். அருகிலுள்ள எழுத்துதான் அவற்றில் ஒன்றைப் பிடித்து நிறுத்துகிறது என்று பிரெஞ்சு விமர்சகர் ரோலன் பார்த் 1964இல் பன்ஸானி பாஸ்தா விளம்பரத்தை வைத்து விளக்கினார். எழுத்தின் அந்த வேலைக்கு நங்கூரம் என்று பெயரிட்டார். பெனட்டன் பக்கங்களில் நங்கூரமாக இருந்திருக்க வேண்டிய வாசகம் கிடையாது. எஞ்சியிருப்பது கம்பெனிப் பெயர் மட்டும். அந்தப் பெயர் படத்தின் பொருளைச் சொல்வதில்லை; படத்தை யார் காட்டுகிறார்கள் என்பதைச் சொல்கிறது. 'யார்' தெரிந்ததும் பார்ப்பவர் 'ஏன்' என்று கேட்கத்தான் செய்வார்.

முகம் இல்லாத பெண், 1989

கறுப்பினப் பெண் ஒருவர் வெள்ளைக் குழந்தைக்குப் பால் கொடுக்கிறார். அடர் சிவப்பு கார்டிகன் முன்பக்கம் திறந்து தோளில் கிடக்கிறது. கழுத்துக்கு மேலே சட்டகம் வெட்டப்பட்டிருக்கிறது. பின்னால் அறையோ நாற்காலியோ ஜன்னலோ எதுவும் இல்லை. கண்ணுக்குக் கிடைப்பவை மூன்று நிறங்கள்: கருமை, வெளிர்மை, நடுவே சிவப்பு. கம்பெனிப் பெயரில் இருக்கும் 'கலர்ஸ்' என்ற சொல்லுக்கு உடம்பே உதாரணமாகிவிடுகிறது. விற்பனைக்குரிய துணி இந்தப் படத்தில் இன்னும் இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னால் வந்தவற்றில் அதுவும் போய்விட்டது.

ஐரோப்பாவில் இது பரிசுகள் பெற்றது. நிறம் கடந்த தாய்மை என்று வாசித்தார்கள். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் பார்த்தது வேறு. அடிமை முறைக் காலத்தில் எசமானின் பிள்ளைக்குப் பால் கொடுக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட செவிலித் தாய்மாரின் வரலாறு அவர்கள் முன்னால் வந்து நின்றது. அங்கே எதிர்ப்பு எழ, அந்த நாட்டில் படம் விலக்கிக்கொள்ளப்பட்டது.

'கலாச்சார வேறுபாடு' என்று இங்கே நிறுத்தினால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். அந்த வாசிப்புக்குப் படத்தில் எந்த இடம் வழிவிட்டது என்று காட்ட வேண்டும். வழிவிட்டது கழுத்துக்கு மேல் விழுந்த வெட்டு. முகம் இருந்திருந்தால் அது ஒரு குறிப்பிட்ட பெண். அவர் சிரிக்கிறாரா, களைத்திருக்கிறாரா, குழந்தையைப் பார்க்கிறாரா என்பது தெரிந்திருக்கும்; அவருக்கும் குழந்தைக்கும் உள்ள உறவை முகமே சொல்லியிருக்கும். முகத்தை எடுத்ததும் எஞ்சியது பால் தரும் ஓர் உடம்பு. அடிமை முறை அந்தப் பெண்களை அப்படித்தான் வைத்திருந்தது. பொதுமை வேண்டும் என்று போட்ட வெட்டு, அந்த வரலாற்றை அறிந்தவருக்கு அந்த வரலாற்றின் வடிவத்தையே திரும்பக் காட்டியது. அமெரிக்க வாசகர் மிகையாக எதையும் வாசித்துவிடவில்லை; பக்கத்தில் இருந்ததைத் துல்லியமாகவே வாசித்தார் என்பது எங்கள் முடிவு.

இந்தப் படத்தை ஆராய்பவர் அச்சுத் தரத்தைக் கவனிக்காமல் விட்டால் தவறான முடிவுக்கு வந்துவிடுவார். பளபளப்பான பத்திரிகைத் தாளில் படத்தை உருவாக்கும் நுண்புள்ளிகள் ஒரு அங்குலத்துக்கு 133 முதல் 150 வரிகளாக அச்சாகும். செய்தித்தாளில் 85 முதல் 100 வரைதான். ஒவ்வொரு மையின் முழு அடர்த்தியையும் 100 சதவீதம் என்று கொண்டால், நான்கு மைகளும் சேர்ந்து ஏறத்தாழ 300 சதவீதம் வரை பத்திரிகைத் தாள் தாங்கும். செய்தித்தாள் 240ஐத் தாண்டினால் மை ஊறிப் பின்பக்கம் தெரியும். கறுப்புத் தோலின் மடிப்பும் வெளிச்சமும் நிழல் பகுதியில்தான் இருக்கின்றன. மலிவான மறுபதிப்பில் அவை ஒரே கருமையாக அடைத்துக்கொள்ளும். கை விரல்களின் மென்மை போய் நிழலுருவம் மிஞ்சும். இணையத்தில் சுற்றும் பழைய ஸ்கேன்கள் பலவற்றில் இதுதான் நடந்திருக்கிறது. அவற்றை வைத்து 'அந்தப் பெண்ணுக்கு உருவமே தரவில்லை' என்று எழுதினால், புகைப்படக்காரர் செய்த வெட்டையும் ஸ்கேனர் செய்த சேதத்தையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறோம். அசல் இதழைப் பார்க்க வழியில்லை என்றால் வெட்டு, அமைப்பு, இடம் ஆகியவற்றைப் பற்றி மட்டும் பேசலாம்; தோலின் தொனியைப் பற்றிப் பேசக் கூடாது.

பிறந்த குழந்தை, 1991

வெள்ளைப் பின்னணியில் அப்போதுதான் பிறந்த பெண் குழந்தை. உடம்பெல்லாம் ரத்தமும் மாவுப்படலமும். தொப்புள்கொடி இன்னும் ஒட்டியிருக்கிறது. தாய் இல்லை. பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையத்துக்கு 800க்கு மேற்பட்ட புகார்கள் வந்தன, படம் இறக்கப்பட்டது.

இங்கே வேலை செய்த முதல் காரணம் அளவு. பிரிட்டனில் சாலையோரப் பெரிய பலகையின் வழக்கமான அளவு 20 அடிக்கு 10 அடி. பத்திரிகையில் கைக்கடக்கமாக இருக்கும் ஒரு சிசு, பலகையில் வீட்டுச் சுவர் உயரத்துக்கு எழும். பத்திரிகையைப் பிடிக்காவிட்டால் மூடலாம். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் பலகையை மூட முடியாது. இரண்டாவது காரணம் பின்னணி. பிரசவ அறை, துணி, தாயின் கை என ஏதாவது ஒன்று இருந்திருந்தால் ரத்தத்துக்கு விளக்கம் கிடைத்திருக்கும். வெற்று வெள்ளையில் ரத்தம் ரத்தமாகவே நிற்கிறது.

புகார் எண்ணிக்கையைக் கையாள்வதில் ஓர் எச்சரிக்கை. 800 என்பது எழுதிப் போட்டவர்களின் எண்ணிக்கை. பார்த்துவிட்டுப் பேசாமல் போனவர்கள், பிடித்துப்போய் நின்று பார்த்தவர்கள் யாரும் அதில் இல்லை. 'பார்வையாளர்கள் வெறுத்தார்கள்' என்பதற்கு அது சான்றாகாது. 'எழுதும் அளவுக்குச் சிலர் வெறுத்தார்கள்' என்பதற்கு மட்டுமே சான்று.

டேவிட் கெர்பி, 1992

ஐந்தில் மிகவும் பயனுள்ளது இதுதான், ஏனென்றால் ஒரே புகைப்படம் இரண்டு இடங்களில் இரண்டு விதமாக அச்சானது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் எய்ட்ஸ் நோயால் இறந்துகொண்டிருந்த டேவிட் கெர்பியை 1990இல் புகைப்படக்காரர் தெரீஸ் ஃப்ரேர் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தார். அந்த ஆண்டு நவம்பர் 'லைஃப்' இதழில் வெளியானது. பின்னர் உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியிலும் பரிசு பெற்றது. 1992இல் குடும்பத்தாரின் சம்மதத்துடன் பெனட்டன் அதை விளம்பரமாக்கியது.

படத்துக்குள் போவோம். மெலிந்து ஒட்டிய முகம், தாடி, எங்கோ நிலைத்த கண்கள். தந்தை மகனின் தலையைத் தன் கைகளுக்குள் அணைத்து முகத்தோடு முகம் வைத்திருக்கிறார். வலப்பக்கம் ஒரு பெண், ஒரு சிறுமியைச் சேர்த்துப் பிடித்தபடி. கிறித்தவ ஓவிய மரபில் வளர்ந்தவருக்கு, சிலுவையிலிருந்து இறக்கிய இயேசுவை மடியில் ஏந்திய மரியாளின் 'பியத்தா' அமைப்பு உடனே தட்டுப்படும். இங்கே மரியாளின் இடத்தில் தந்தை. அந்த மரபு தெரியாதவர் சாவுப் படுக்கையைச் சூழ்ந்த ஒரு குடும்பத்தைப் பார்ப்பார். அதுவும் முழுமையான வாசிப்பே.

'லைஃப்' பக்கத்திலிருந்து விளம்பரப் பக்கத்துக்கு வரும்போது மூன்று மாற்றங்கள் நடந்தன. விளக்கவுரை நீங்கியது. கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வண்ணம் தீட்டப்பட்டது. பச்சைப் பட்டை சேர்ந்தது. எது எதிர்ப்பைக் கிளப்பியது என்று கேட்டால், மூன்றையும் தனித்தனியாக எடைபோட வேண்டும்.

வண்ணத்துக்கு இரண்டு வேலைகள் உண்டு. கறுப்பு வெள்ளை அந்தக் காலத்தில் செய்திப்படத்தின் உடை. 'இது நடந்தது' என்ற உறுதியை அது தந்தது. வண்ணம் விளம்பரத்தின் உடை, ஆகவே பக்கத்துக்குப் பக்கம் இருக்கும் வாசனைத் திரவிய விளம்பரங்களோடு படம் ஒன்றிப்போனது. அதே சமயம் கையால் தீட்டிய வண்ணம் அதைத் தைல ஓவியத்துக்கு அருகே கொண்டுபோய், பியத்தா வாசிப்பைப் பலப்படுத்தியது. விளக்கவுரை போனதில் பெயர் போனது. 'லைஃப்'பில் டேவிட் கெர்பி. விளம்பரத்தில் பெயரறியாத ஒரு நோயாளி.

ஆனாலும் சண்டை மூண்டது பச்சைப் பட்டையில்தான். பிரிட்டனில் விளம்பரத் தர ஆணையம் கண்டித்தது. பெண்கள் இதழ்கள் சில பக்கம் தர மறுத்தன. எய்ட்ஸ் தொண்டு அமைப்புகளிலிருந்தும் புறக்கணிப்புக் குரல்கள் எழுந்தன. அதே நேரம் கெர்பியின் குடும்பத்தார் விளம்பரத்தின் பக்கம் உறுதியாக நின்றார்கள். 'லைஃப்'பைவிட அதிகம் பேர் கண்ணில் மகன் முகம் படும் என்பது அவர்கள் நிலை.

பிரிட்டனில் வாழ்ந்த பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் 1973இல் மூன்று வாசிப்பு நிலைகளை வகுத்தார்: அனுப்பியவர் நினைத்தபடியே ஏற்பது, பாதி ஏற்றுப் பாதி திருத்திக்கொள்வது, எதிர்நிலையிலிருந்து மறுப்பது. இந்த விளம்பரத்துக்கு அதைப் பொருத்தினால் நடு நிலைதான் அதிகம் கற்றுத்தருகிறது. 'படம் தேவையானது, ஆனால் உதவி எண் எங்கே, நோயைத் தடுக்க ஒரு வரியாவது எங்கே' என்று கேட்டவர்கள் அங்கே நிற்கிறார்கள். அவர்கள் வாசித்தது பக்கத்தில் இருந்ததைவிட இல்லாததை. ஹாலின் வகுப்பை இங்கே பயன்படுத்துவதில் ஒரு சிக்கலும் உண்டு. 'அனுப்பியவர் நினைத்தது' என்ன என்பதை அறிய வாசகமே இல்லை. தோஸ்கானி பின்னால் கொடுத்த பேட்டிகளை எடுத்து வந்து அதுதான் படத்தின் பொருள் என்று எழுதுபவர்கள் உண்டு. பேட்டி விளம்பரத்தின் பகுதியல்ல. அன்று பத்திரிகையைப் புரட்டியவர் கையில் அந்தப் பேட்டி இருக்கவில்லை.

முத்திரை குத்தியது யார்? 1993

வெற்றுடம்பின் ஒரு பகுதி, தோலில் 'எச்.ஐ.வி. பாசிட்டிவ்' என்று ரப்பர் முத்திரை. உடம்பின் வெவ்வேறு இடங்களில் முத்திரை விழுந்த படங்கள் ஒரு தொடராக வந்தன. முகம் இல்லை. குத்திய கையும் இல்லை.

அந்தக் கை இல்லாததுதான் இந்தப் படத்தின் இலக்கணம். 'முத்திரை குத்தப்பட்டிருக்கிறது' என்ற செயப்பாட்டு வாக்கியத்தில் கருத்தா காணாமல் போவதுபோல, செய்தவரைக் காணோம். சமூகம் இவர்களை இப்படி ஒதுக்குகிறது என்று விளம்பரம் கண்டிக்கிறதா? விளம்பரமே அவர்கள்மேல் முத்திரை குத்துகிறதா? இரண்டும் பக்கத்தில் சம அளவு இடம் பிடிக்கின்றன. பிரான்ஸில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் சிலர் வழக்குப் போட்டார்கள். பாரிஸ் நீதிமன்றம் 1995இல் இழப்பீடு தரச் சொன்னது.

ஜெர்மனியில் நடந்தது பட வாசிப்பில் அக்கறை உள்ள யாரும் படிக்க வேண்டியது. 'ஸ்டெர்ன்' இதழில் வந்த மூன்று பெனட்டன் விளம்பரங்களை (எண்ணெய் படிந்த வாத்து, குழந்தைத் தொழிலாளர், இந்த முத்திரை) 1995இல் உச்ச நீதிமன்றம் நியாயமற்ற போட்டி என்று தடுத்தது. முத்திரைப் படம் நோயாளிகளின் மனித மாண்பைக் குலைக்கிறது என்றது. 2000 டிசம்பர் 12 அன்று, அரசமைப்புக் கேள்விகளில் அதற்கும் மேலான அரசமைப்பு நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. அதன் தர்க்கம் நமக்கு முக்கியம். படத்தில் விளக்கமில்லை, ஆகவே நியாயமான வாசிப்புகள் ஒன்றுக்கு மேல் இருக்கும்போது, தண்டிக்கத் தோதான ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றவற்றைக் காரணம் சொல்லாமல் தள்ளக் கூடாது. அதே படத்தை ஓர் எய்ட்ஸ் மாநாட்டுக்கு விளம்பரமாக வைத்தாலும் பொருந்தும் என்றும் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2001இல் மறுபடி தடுத்தது. அரசமைப்பு நீதிமன்றம் 2003 மார்ச்சில் மறுபடி நீக்கியது.

மாநாட்டு உதாரணத்தில் நீதிபதிகள் செய்தது, ஆய்வாளர் செய்ய வேண்டிய முதல் சோதனை: லோகோவை (இங்கே அந்தப் பச்சைப் பட்டையை) மனத்தில் மாற்றிப் பார்ப்பது. படம் மாறாமல் பொருள் மாறினால், பொருளின் ஒரு பகுதி லோகோவில் இருந்தது என்று அறியலாம்.

சோதனையைச் செய்யும் முறை

விளம்பரத்தின் இரண்டு பிரதிகளை அசல் அளவிலேயே அச்செடுக்க வேண்டும். திரையில் காட்டினால் அளவும் மடிப்பும் எதிர்ப்பக்கமும் போய்விடும். இரட்டைப் பக்க விளம்பரம் என்றால் நடு மடிப்பு சில மில்லிமீட்டரை விழுங்கும். அந்த இடத்தில் முகமோ எழுத்தோ மாட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பிரதியில் லோகோவின் மேல் பின்னணி நிறத்திலேயே தாள் ஒட்டி மறைக்க வேண்டும். வெள்ளைத் தாளோ கறுப்புப் பட்டையோ ஒட்டினால் 'இங்கே எதையோ மறைத்திருக்கிறார்கள்' என்பதையே எல்லோரும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஒளிபுகும் தாளில் பத்துக்குப் பத்து கட்டம் வரைந்து பக்கத்தின் மேல் வைத்தால் 100 சதுரங்கள் கிடைக்கும். முகத்துக்கு எத்தனை, தோலுக்கு எத்தனை, துணிக்கு எத்தனை, வெறும் பின்னணிக்கு எத்தனை, லோகோவுக்கு எத்தனை என்று எண்ணி எழுதலாம். 'லோகோ சிறியது' என்று எழுதுவதைவிட 'நூற்றில் மூன்று' என்று எழுதினால் அடுத்த ஆய்வாளர் ஒப்பிட முடியும்.

பார்வையாளர்களை ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, பாதிக் குழுக்களுக்கு லோகோ உள்ள பிரதியையும் மீதிக்கு மறைத்த பிரதியையும் கொடுக்க வேண்டும். ஒரே ஆளுக்கு இரண்டையும் காட்டக் கூடாது. முதலில் மூன்று விநாடி காட்டி மூடிவிட்டு, நினைவில் நின்றதை எழுதச் சொல்ல வேண்டும். பிறகு நேரக் கட்டுப்பாடின்றிப் பார்க்கவிட்டு நான்கு கேள்விகள், இதே வரிசையில்: இதில் என்னென்ன இருக்கிறது? இதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்திருக்கும்? இதை யார் யாருக்குச் சொல்கிறார்கள்? இதில் இருந்திருக்க வேண்டியது எது இல்லை? 'பிடித்திருக்கிறதா' என்பதை முதலில் கேட்டால் எல்லாம் கெட்டுவிடும். பிடிக்கவில்லை என்றவர், அதற்கு நியாயம் கற்பிக்கும் விவரங்களை மட்டுமே அதன்பின் பார்ப்பார்.

எழுதி முடிக்கும்வரை பேச்சே கூடாது. குழுவில் வயதிலோ பதவியிலோ பெரியவர் ஒருவர் 'இது ஆபாசம்' என்று சொல்லிவிட்டால் மற்றவர்கள் அதை ஒட்டியோ வெட்டியோதான் பேசுவார்கள். தமக்கென்று தோன்றியது உள்ளேயே அமுங்கிவிடும். விடைகளைத் தொகுக்கும்போது 'இருப்பது', 'ஊகிப்பது', 'மதிப்பிடுவது' என்று மூன்று நிரல் போட வேண்டும். 'ஒரு பெண் பால் கொடுக்கிறார்' முதல் நிரல், 'வேலைக்காரப் பெண்' இரண்டாவது, 'அவமானப்படுத்துகிறார்கள்' மூன்றாவது. இரண்டாவது நிரலில்தான் பார்வையாளரின் வரலாறு படத்துக்குள் நுழைகிறது. அந்த ஊகத்துக்குப் படத்தின் எந்த இடம் காரணம் என்று விரலால் தொட்டுக் காட்டச் சொன்னால், பலர் தொடுவது எதுவும் இல்லாத ஓரத்தைத்தான்.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. 1989இல் அமெரிக்கப் பெண் ஒருவருக்கு அந்தப் படம் என்ன செய்தது என்பதை இன்று மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ கூட்டிய குழு சொல்லாது. அதற்கு அன்றைய வாசகர் கடிதங்கள், புகார்ப் பதிவுகள், தீர்ப்புகள்தான் வழி. இன்றைய குழு சொல்வது இன்றைய வாசிப்பு. அறிக்கையில் இரண்டையும் தனித்தனித் தலைப்பில் வைக்க வேண்டும்.

இன்னொரு வாசகர், கடைக்காரர்

பார்வையாளர் என்றதும் தெருவில் போகிறவரை மட்டும் நினைக்கிறோம். கடைக்காரரும் அந்தப் பக்கத்தை வாசிக்கிறார், தன் கல்லாப்பெட்டியை வைத்து. ஜெர்மனியில் பெனட்டன் கடை நடத்தியவர்கள் சிலர் விற்பனைச் சரிவுக்கு இந்த விளம்பரங்களைக் காரணம் காட்டிச் சரக்குப் பணத்தைக் கட்ட மறுத்தார்கள். நீதிமன்றத்தில் அந்த வாதம் எடுபடவில்லை. சரிவுக்கு விளம்பரம் காரணமா, சந்தை காரணமா என்று பிரித்துக் காட்டுவது அவ்வளவு கடினம். விற்பனை எண்ணை வைத்து ஒரு படத்தின் பொருளை நிறுவ முயலும் ஆய்வுகளை நம்ப முடியாததும் இதனால்தான்.

ஐந்தாவது, 2000இல் வந்த அமெரிக்க மரண தண்டனைக் கைதிகளின் தொடர். அதில் தோஸ்கானி 1989இல் செய்ததற்கு நேர்மாறாகச் செய்தார். முகம் பக்கத்தை நிறைத்தது. கைதிகள் நேராக நம்மைப் பார்த்தார்கள். பெயரும் இருந்தது. பெயரும் முகமும் வந்துவிட்டால் குழப்பம் தீரும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் கொல்லப்பட்டவர்களின் குடும்பங்கள் அந்தப் பக்கங்களில் தேடியது தங்கள் ஆட்களின் முகத்தை. அது அங்கே இல்லை. மிசௌரி மாநில அரசு வழக்குப் போட்டது. அமெரிக்கக் கடைத்தொடரான சியர்ஸ் தன் கடைகளிலிருந்து பெனட்டன் துணிகளை எடுத்துவிட்டது. அதே ஆண்டு தோஸ்கானியும் பெனட்டனும் பிரிந்தார்கள்.